இலங்கைச் சுற்றுலா: ஊரோடு மாதத்தையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறை நெருங்கினால் இலங்கைச் சுற்றுலா பற்றிய கட்டுரைகள் நாளிதழ்களில் வரத் தொடங்கிவிடும். எங்கே போகலாம் என்று எழுதுகிறவர்கள் எப்போது போகலாம் என்ற கேள்வியை ‘ஆண்டு முழுவதும்’ என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். மாதக்கணக்கில் பணம் சேர்த்துப் போகும் குடும்பங்கள் ஏமாந்து திரும்புவது இதனால்தான்.

65,610 சதுர கி.மீ. பரப்பே உள்ள தீவுக்கு இரண்டு பருவமழை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, தெற்குக் கரை ஊர்களான காலி, மிரிஸ்ஸ பக்கம் கடலைக் கொந்தளிக்க வைக்கும். நடுவில் மலைநாடு மறித்து நிற்பதால் அதே மாதங்களில் திருகோணமலைக் கடல் குளம்போல் கிடக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை எல்லாம் தலைகீழ்.

நம் விடுமுறைகளை இதோடு பொருத்திப் பார்க்கலாம். அரையாண்டு விடுமுறைக்கும் பொங்கலுக்கும் ஏற்றது தெற்குக் கரை. மிரிஸ்ஸயில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை நீலத் திமிங்கிலங்களைப் பார்க்கலாம். அங்கே கரையை விட்டுக் கொஞ்ச தூரத்திலேயே ஆழ்கடல் தொடங்கிவிடுகிறது. படகுகள் காலையில் கிளம்பும். வாந்தி மாத்திரையை ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும், குமட்டல் வந்தபின் போட்டு அதிகப் பயனில்லை. திமிங்கிலத்தை 100 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது என்பது விதி. ‘இன்னும் கிட்டே போங்கள்’ என்று படகோட்டியை நெருக்குவது பெரும்பாலும் பயணிகள்தான். படகு குறுக்கே போனால் திமிங்கிலம் சீக்கிரமே நீருக்குள் போய்விடும், பின்னால் வரும் படகுகளுக்கும் காட்சி போய்விடும்.

மே மாதம் என்றால் கிழக்குக் கரை. நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாமலைத் தீவில் முகமூடியும் மூச்சுக்குழலும் மாட்டி மிதந்தாலே பவளப்பாறையும் சிறு சுறாக்களும் தெரியும். நீச்சல் தெரியாதவர்கள் பதறிப்போய்ப் பவளத்தின்மேல் கால் ஊன்றுகிறார்கள். காலும் கிழியும், பல ஆண்டு வளர்ந்த பவளமும் ஒடியும். லைஃப் ஜாக்கெட் தராத படகில் ஏறவே வேண்டாம்.

அதிகம் குழப்பம் நடப்பது காலாண்டு விடுமுறையில். சிறுத்தை பார்க்க யால தேசியப் பூங்காவுக்குப் போகிறார்கள். வறட்சியால் அங்குள்ள முதல் வட்டாரம் வழக்கமாகச் செப்டம்பரில் மூடப்பட்டு அக்டோபர் நடுவில்தான் திறக்கும். தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் விசாரிக்காமல் அறை பதிவு செய்யக் கூடாது. ஆனால் யானைகளைப் பார்க்க அதைவிட நல்ல காலம் இல்லை. மின்னேரியா குளத்தில் நீர் வற்ற வற்ற, தரையில் இளம்புல் முளைக்கும். அந்தப் புல்லைத் தேடி ஆகஸ்ட், செப்டம்பரில் நூற்றுக்கணக்கான யானைகள் குட்டிகளோடு கூடுகின்றன. மொரகஹகந்த நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீர் வந்து குளம் நிறைந்தே இருந்தால் புல்தரை மூழ்கிவிடும், யானைகள் பக்கத்துக் கவுடுல்லவுக்கோ ஹுருலு காட்டுக்கோ நகர்ந்துவிடும். எனவே ஜீப்புக்குப் பணம் கொடுக்கும் முன், நேற்று யானைகள் எங்கே நின்றன என்று கேட்க வேண்டும். அவை வெட்டவெளிக்கு வருவது பிற்பகல் மூன்று மணிக்கு மேல். காலைச் சவாரி பேசிக்கொண்டு போனால் காடு மட்டுமே தெரியும்.

யாலவில் நெரிசலுக்குக் காரணம் கைப்பேசி. ஒரு சிறுத்தை தென்பட்டதும் ஓட்டுநர்கள் ஒருவரையொருவர் அழைக்க, ஜீப்புகள் வந்து குவியும். துரத்த வேண்டாம் என்று கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள். இல்லையேல் வில்பத்து தேசியப் பூங்காவுக்குப் போங்கள். அது யாலவைவிடப் பெரியது, கூட்டமும் குறைவு. ‘வில்லு’ எனப்படும் இயற்கை ஏரிகளின் கரையில் பொறுமையாக நின்றாலே போதும். புலியோ சிங்கமோ இல்லாத தீவு என்பதால் சிறுத்தை அங்கே பகலிலும் திறந்தவெளியில் நடக்கும்.

மலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரை. ஹோர்ட்டன் சமவெளியின் ‘உலக முடிவு’ பள்ளத்தாக்கைக் காலை ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் மேகம் மூடிவிடும். வாசல் திறக்கும் ஆறு மணிக்கே அங்கே நின்றால்தான் விளிம்பிலிருந்து கீழே 800 மீட்டருக்கு மேல் இறங்கும் செங்குத்து தெரியும். சுற்றுப்பாதை சுமார் ஒன்பது கி.மீ. விடியற்காலைக் குளிருக்குக் கம்பளிச்சட்டை அவசியம். நுழைவாயிலில் பைகளைச் சோதித்துப் பாலித்தீன் உறைகளைக் கழற்றிவிடுவார்கள், தின்பண்டத்தைத் தூக்குவாளியில் கொண்டுபோவது நல்லது.

கடைசியாக நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல். 2023 அக்டோபரில் தொடங்கிய அந்தச் சேவை, பருவமழையால் அதே மாதத்திலேயே தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. ஐப்பசி, கார்த்திகையில் போகிறவர்கள் திரும்பி வர அதை மட்டும் நம்பியிருக்காமல், விமானச் சீட்டுக்கான பணத்தையும் ஒதுக்கி வைத்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
வாசகர்,
நாகப்பட்டினம்