சுவரொட்டியும் ஒரு ஸ்லைடும்

டாவோ, பிலிப்பைன்ஸ்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். இங்கே மீனைப் புளிவிட்டுத்தான் கொதிக்க வைக்கிறார்கள், ஆனால் மிளகாய்த்தூள் போடுவதில்லை. நீ கொடுத்தனுப்பிய முண்டு மிளகாய் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்று ஒன்றைச் சொல்லாமல் இருந்தேன். போன மாதத் திசுவியல் செய்முறைத் தேர்வில் நுண்ணோக்கியில் மண்ணீரல் ஸ்லைடைப் பார்த்துவிட்டு நிணநீர் முடிச்சு என்று எழுதிவிட்டேன். இரண்டிலும் கருநீலத் திட்டுகள் உண்டு. அதை மட்டும் பார்த்து அவசரப்பட்டேன். மண்ணீரலில் வெண்கூழ் என்று ஒரு பகுதி இருப்பதாகப் படித்திருந்தேன். சாயம் ஏற்றிய அந்த ஸ்லைடில் வெண்மையாக எதுவுமே இல்லை.

அன்று இரவு தூக்கம் வராமல் கிடந்தபோது உன் அரிவாள்மனை நினைவுக்கு வந்தது. எனக்கு இரத்தம் குறைவு என்று டாக்டர் சொன்ன வருடம், ஞாயிறுதோறும் பாம்பன் கறிக்கடையில் ஆட்டுச் சுவரொட்டி வாங்கி வருவாயே. கருஞ்சிவப்பாக, வழுவழுவென்று இருக்கும். நீ அறுத்த இடத்தில் ரவை தூவியது போல வெளிறிய புள்ளிகள் தெரியும். கெட்டுப்போனதோ என்று நான் கேட்டிருக்கிறேன். சுவரொட்டி என்பது ஆட்டின் மண்ணீரல்தானே. அந்தப் புள்ளிகள்தான் வெண்கூழ், அம்மா! பச்சையாக அறுத்தால் வெளிறித் தெரிவதால் வந்த பெயர். சாயம் ஏற்றினால் அங்கே நெருக்கியடித்திருக்கும் வெள்ளணுக்களின் உட்கருக்கள் நீலத்தை இழுத்துக்கொள்கின்றன.

மறுநாள் ஆய்வகத்தில் அதே ஸ்லைடை மீண்டும் வைத்தேன். வள்ளத்திலிருந்து இறங்கும் முன் நீ தண்ணீரைப் பார்த்தபடி நிற்பாயே, அப்படி முதலில் குறைந்த உருப்பெருக்கத்திலேயே நெடுநேரம் பார்த்தேன். நிணநீர் முடிச்சில் திட்டுகள் உறையின் ஓரமாக அணிவகுத்திருக்கும். நடுப்பகுதி வேறு விதமாக இருக்கும். மண்ணீரலில் ஓரம், நடு என்ற பிரிவே கிடையாது. தடித்த உறையிலிருந்து நார்த்தூண்கள் உள்ளே இறங்குகின்றன. எங்கும் இரத்தம் நிறைந்த செங்கூழ், அதில் குருசடைத் தீவும் மனோலித் தீவும் கடலில் கிடப்பது போல வெண்கூழ்த் திட்டுகள் சிதறிக் கிடக்கின்றன. திட்டுக்குள் ஒரு சிறு தமனி. மையத் தமனி என்று பெயர், ஆனால் பல இடங்களில் ஓரமாக ஒதுங்கியே இருக்கிறது. அதைக் கண்டதும் எனக்குச் சந்தேகம் தீர்ந்தது.

செங்கூழில் நீண்ட செல்களை வரிச்சு கட்டியது போல நிறுத்திய குழல்கள் இருக்கின்றன. அவற்றின் மெல்லிய இடுக்குகளில் சிவப்பணு உடலை நெளித்துத்தான் நுழைய வேண்டும். ஏறக்குறைய 120 நாள் வாழ்ந்து விறைத்துப்போன அணுவால் அது முடிவதில்லை. அங்குள்ள விழுங்கு செல்கள் அதை விழுங்கி, அதிலுள்ள இரும்பை மீட்டுத் தருகின்றன. சுவரொட்டி தின்றால் இரத்தம் ஊறும் என்று நீ சொன்னது இந்த இரும்பைத்தான்.

இன்னொன்றும் படித்தேன், அதற்காகவே இந்தக் கடிதம். மூச்சடக்கி மூழ்கும்போது மண்ணீரல் சுருங்கி, தான் தேக்கி வைத்திருக்கும் சிவப்பணுக்களை இரத்தத்தில் சேர்க்கிறதாம். தலைமுறை தலைமுறையாகக் கடலில் மூழ்கிப் பிழைக்கும் பஜாவ் மக்கள் இந்த ஊரிலும் இருக்கிறார்கள். இந்தோனேசியாவில் அவர்களின் இனத்தாரை ஆராய்ந்து 2018இல் முடிவு வெளியிட்டார்கள்: பக்கத்து ஊர் மக்களைவிட அவர்கள் மண்ணீரல் ஏறக்குறைய 50 சதவீதம் பெரிது. மூழ்காத பஜாவ்களுக்கும் அப்படித்தான்.

நம் சின்னப்பாலத்தில் பாசி எடுக்க மூழ்கும் பெண்களின் மண்ணீரலை யாராவது அளந்திருக்கிறார்களா, அம்மா? விரலில் துணி சுற்றிக்கொண்டு மரிக்கொழுந்துப் பாசி பறிக்க நீ கடலடியில் இருக்கும் நேரத்தைக் கரையில் நின்று எண்ணிக்கொண்டிருப்பேன். எண்ணிக்கை கூடக்கூட எனக்கு வயிறு கலங்கும். அப்போதெல்லாம் உன் இடது விலா எலும்புக்கு அடியில் இது வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது.

அமாவாசைப் பாசிக்குப் போகிறாயா? நீ மூழ்கும்போது போடும் கண்ணாடியின் ரப்பர் விட்டுப்போயிருந்தது. அண்ணன் குவைத்திலிருந்து அனுப்பும் பணத்தில் என் கட்டணத்துக்கு எடுத்து வைக்கும் முன் அதை மாற்றிவிடு. மறு தேர்வு அடுத்த வாரம்.

உன் அன்பு மகள்