ஆண்டறிக்கை: வானத்திலிருந்து கப்பல் தேடிய ஆண்டு

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதத்துக்கு ஒரு தலைப்பு என்று தாவாமல், ஆண்டு முழுக்க ஒன்றிலேயே நிற்கலாம் என்று போன பொதுக்குழுவில் முடிவு செய்தோம். எடுத்துக்கொண்டது, விமானத்தில் காந்தமானி (பூமியின் காந்தப்புலத்தில் இரும்பு உண்டாக்கும் மாற்றத்தை அளக்கும் கருவி) பொருத்திப் பழைய கப்பல்களைத் தேடும் முறை. மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் குடியிருக்கும் நமக்கு இதைவிடப் பக்கத்தில் இருக்கும் விஷயம் கிடைக்காது. 1629இல் படேவியா, 1656இல் வெர்குல்டே டிராக், 1712இல் சூட்டோர்ப், 1727இல் சேவைக் என டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் நான்கு கப்பல்கள் இந்த மாநிலக் கரையோரம் உடைந்து, பிற்பாடு கண்டுபிடிக்கப்பட்டவை. நன்னம்பிக்கை முனையிலிருந்து கிளம்பிய ரிடர்ஸ்காப் வான் ஹாலந்து (1694), ஃபோர்டைன் (1724), ஆக்டகெர்க்கே (1726) மூன்றும் போன இடம் தெரியவில்லை. முதல் கூட்டத்திலேயே இந்த மூன்று பெயர்களையும் பலகையில் எழுதினோம். ஆண்டு முடியும் வரை அழிக்கவில்லை.

இந்த முறையின் வேர் போரில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் நீருக்கடியில் போகும் நீர்மூழ்கியின் இரும்பை வானத்திலிருந்து உணரத்தான் இதை விமானத்தில் ஏற்றினார்கள். 1944 பிப்ரவரியில் ஜிப்ரால்டர் நீரிணையில் அமெரிக்கக் கடற்படையின் கேட்டலினா விமானங்கள் யு-761 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியை அப்படித்தான் கண்டுபிடித்தன. போர் முடிந்ததும் கருவி தாதுத் தேடலுக்குப் போனது, கப்பல் தேடலுக்கு வந்தது அதற்கும் பிறகு.

படகில் இழுத்துப் போகும் காந்தமானி இருக்கும்போது விமானம் எதற்கு என்று இரண்டாம் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. பழைய கப்பல்கள் மோதியது பெரும்பாலும் பவளத்திட்டில், அலை உடைகிற அதே கோட்டில். அங்கே படகு போனால் படகும் போய்விடும். விமானத்துக்கு அலை ஒரு பொருட்டே இல்லை. நிங்கலூ திட்டில் பாயின்ட் க்ளோட்ஸ் பக்கம் இதுதான் நடந்தது. லிஸ்பனிலிருந்து சீனக் கரையிலுள்ள மக்காவ் நகருக்குப் போன கொரெயோ த ஆசியா என்ற போர்த்துகீசியக் கப்பல் 1816இல் அங்கே உடைந்தது. வான்வழிக் காந்த அளவீட்டின் துணையோடு மேற்கு ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தார் 2004இல் அதைக் கண்டுபிடித்தார்கள். அந்தக் கூட்டம் இரவு பதினொரு மணி வரை நீண்டது. யாருக்கும் எழுந்து போக மனம் வரவில்லை.

உயரம்தான் இந்த வேலையின் உயிர். தூரம் இரட்டித்தால் இரும்பின் காந்தச் சுவடு எட்டில் ஒன்றாகிவிடும். பத்து மீட்டரில் ஒரு டன் பீரங்கி காட்டும் அளவில் எண்பது மீட்டரில் ஐந்நூற்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. அதனால் விமானம் முடிந்தவரை தாழப் பறக்க வேண்டும், பறக்கும் கோடுகளும் நெருக்கமாக இருக்க வேண்டும். விமானத்திலேயே எஞ்சின் போன்ற இரும்புப் பாகங்கள் இருப்பதால் உணர்கருவியை வாலில் நீட்டிய கம்பின் நுனியில் வைப்பார்கள், அல்லது கேபிளில் தொங்கவிடுவார்கள். நம் கரையில் சுண்ணாம்புப் பாறை நிறைய இருப்பது பெரிய அதிர்ஷ்டம். அது காந்தத்தில் அமைதியானது. எரிமலைப் பாறை உள்ள கரையில் பீரங்கியின் குரல் பாறையின் இரைச்சலில் அமுங்கிவிடும்.

வெண்கலப் பீரங்கியும் வெள்ளிக் காசும் காந்தமானிக்குத் தெரியாது. புதையல் தேடும் கருவி என்று நினைத்து வந்த சில புதியவர்களுக்கு இதைக் கேட்ட அன்று முகம் வாடிவிட்டது. எனக்கோ அன்றுதான் இந்தக் கருவி மேல் மதிப்பு கூடியது. அது தேடித் தருவது நங்கூரத்தையும் இரும்புப் பீரங்கியையும், அதாவது கப்பலை.

ஜூலையில் நாமே ஒரு புரோட்டான் காந்தமானி செய்தோம். ஒரு பாட்டில் மண்ணெண்ணெய், அதைச் சுற்றிச் செம்புக் கம்பிச் சுருள், பேட்டரி, ஒலிபெருக்கி. சில நொடி மின்சாரம் கொடுத்து நிறுத்தினால் எண்ணெயிலுள்ள புரோட்டான்கள் பூமியின் காந்தப்புலத்துக்கேற்ப ஒரு சுருதியில் ஒலிக்கும். பெர்த்தில் புலம் ஏறக்குறைய 58,000 நானோடெஸ்லா, சுருதி 2,470 ஹெர்ட்ஸ் அளவில் வரும். முதல் நாள் பூங்காவில் மின்கம்பியின் ரீங்காரம் தவிர ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் முறை ஊருக்கு வெளியே போனோம். சுருளுக்குப் பக்கத்தில் யாரோ கத்தரிக்கோலை வைத்துவிட்டதால் சுருதி எழும்பவே இல்லை. அதை எடுத்ததும் ஒரு மெல்லிய விசில் கேட்டது, இரண்டு நொடிகூட இருக்காது. கூட வந்த பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்புறம், அரசு இலவசமாக வெளியிடும் வான்வழிக் காந்த வரைபடங்களை இறக்கிப் பார்த்தோம். அவை நிலவியலுக்காக எடுத்தவை, பல இடங்களில் கோடுகளுக்கு நடுவே 400 மீட்டர் இடைவெளி. அந்த இடைவெளியில் ஒரு மரக்கப்பல் முழுசாக ஒளிந்துகொள்ளலாம். தனியார் ஒருவர் பறந்து எடுத்த பழைய கரையோர அளவீட்டைக் கேட்டும் எழுதினோம். "அதில் ஒன்றும் அகப்படவில்லை, அதனால் வைத்துக்கொள்ளவில்லை" என்று பதில் வந்தது. இந்த ஆண்டில் என்னை மிகவும் வருத்திய வரி இதுதான். ஒன்றும் அகப்படாத கோடும் ஒரு செய்திதானே? அங்கே மறுபடி தேட வேண்டாம் என்று அது சொல்கிறது. எந்த உயரத்தில், எந்த இடைவெளியில் பறந்தார்கள் என்று தெரிந்தால் மட்டுமே அப்படிச் சொல்லவும் முடியும்.

அக்டோபரில் ஃப்ரீமேன்டில் கப்பல் அருங்காட்சியகத்துக்குப் போனோம். படேவியாவின் பின்பகுதி மரங்கள் முன்னால் ஒரு மணி நேரம் நின்றோம். இலங்கையின் காலி நகரில் பிறந்த நம் மூத்த உறுப்பினர் ஒருவர், 1659இல் காலித் துறைமுகத்தில் மூழ்கிய ஆவன்ஸ்டர் என்ற டச்சுக் கப்பல் பற்றி அங்கேயே நின்று பேசினார். அதைத் தனிக் கூட்டமாக வைக்க வேண்டும்.

கணக்கைப் பொருளாளர் தனியே வைத்திருக்கிறார். செம்புக் கம்பியைத் தவிரப் பெரிய செலவு இல்லை.

வரும் ஆண்டுக்கு ஒரே ஒரு தீர்மானம் முன்வைக்கிறேன். வெளியான வான்வழித் தேடல்களில் எந்தக் கரை எந்த இடைவெளியில் பார்க்கப்பட்டது என்று ஒரே வரைபடத்தில் குறிப்போம், வெறுங்கோடுகளையும் சேர்த்து. வரைபடம் போடத் தெரிந்தவர்கள் இன்றே பெயர் கொடுக்கவும். மண்ணெண்ணெய் பாட்டில் என் வீட்டுக் கொட்டகையில் இருக்கிறது. வேண்டுவோர் எடுத்துப் போகலாம், கத்தரிக்கோல் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
செயலாளர்