சாய்ஸ் வரிசையைப் பள்ளியிலேயே சொல்லிக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பென்னாகரத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். பொறியியல் கலந்தாய்வு நடக்கும் நாட்களில், வேண்டிய கல்லூரியையும் படிப்பையும் விருப்ப வரிசையில் ஆன்லைனில் ஏற்ற, அதாவது சாய்ஸ் போட, ராத்திரி பத்து மணிவரை கடையில் கூட்டம் இருக்கும்.

போன வருடம் அரசுப் பள்ளியில் படித்த ஒரு பெண் வந்தாள். கணக்கில் 88. இயற்பியல் 82, அதில் பாதி 41. வேதியியல் 85, அதில் பாதி 42.5. ஆக 200-க்கு 171.5 கட்-ஆஃப். அப்பா வயரிங் வேலை செய்கிறவர். சின்ன வயதிலிருந்தே அவர் பின்னால் டெஸ்டரைத் தூக்கிக்கொண்டு போன பிள்ளை, ட்ரிபிள் இ (மின்சாரம், மின்னணுவியல் படிப்பு)-தான் வேண்டும் என்றாள். கூட வந்த மாமா, நோட்டிலிருந்து கிழித்த தாளில் எழுதி வந்ததை அப்படியே ஏற்றச் சொன்னார். முதல் வரியில் பக்கத்துத் தனியார் கல்லூரி, கம்ப்யூட்டர் சயின்ஸ். பர்கூர் அரசு பொறியியல் கல்லூரி ட்ரிபிள் இ மூன்றாவது வரி. "அதான் எல்லாம் லிஸ்ட்ல இருக்கே" என்றார். நான் அன்று வற்புறுத்திச் சொல்லியிருக்க வேண்டும்.

நம் ரேங்குக்கு முறை வரும்போது கம்ப்யூட்டர் லிஸ்டை மேலேயிருந்து பார்த்துக்கொண்டு வரும். நமக்கு இடம் இருக்கிற முதல் வரியில் நின்றுவிடும். கீழே நூறு கல்லூரி எழுதியிருந்தாலும் திரும்பிப் பார்க்காது. அவளுக்கு முதல் வரியே கிடைத்துவிட்டது. ஏற்றுக்கொண்டு மேலே உள்ளதற்குக் காத்திருக்கலாம் என்றால், மேலேதான் எதுவும் இல்லையே. வேண்டாமென்று அடுத்த சுற்றுக்குப் போனால் மிச்சம் இருப்பதுதான் கிடைக்கும். உறுதி செய்ய இரண்டே நாள். அவள் அம்மா பயந்துவிட்டார், சேர்த்துவிட்டார்கள். அப்புறம் ஒதுக்கீட்டுப் பட்டியலைப் பார்த்தால், அவள் இடஒதுக்கீட்டுப் பிரிவிலேயே அவளைவிடக் குறைந்த கட்-ஆஃப் எடுத்தவருக்குப் பர்கூரில் ட்ரிபிள் இ கிடைத்திருக்கிறது. அந்தத் தாளை அவளிடம் காட்ட எனக்கு மனசு வரவில்லை.

2018-இல் ஆன்லைன் வருவதற்கு முன்னால் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்துக்கே நேரில் போக வேண்டும். எங்கள் பக்கத்திலிருந்து ராத்திரி பஸ் ஏறிப் போவது சிரமம்தான். ஆனால் எங்கே எத்தனை இடம் மிச்சம் இருக்கிறது என்று திரையில் பார்த்து அங்கேயே எடுத்தார்கள். இப்போது அலைச்சல் இல்லை, நல்லதுதான். சரி, கண்ணால் பார்க்காமல் முன்கூட்டியே வரிசை போடுவது எப்படி என்று யார் சொல்லிக்கொடுப்பது?

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2021 முதல் பொறியியலிலும் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. அவ்வளவு செய்கிற அரசு, ரிசல்ட் வருவதற்கு முன்பே ஒவ்வொரு பள்ளியிலும் அரை நாள் ஒதுக்கி, மாதிரி சாய்ஸ் போட்டுப் பழக்க வேண்டும். மேற்படிப்புக்கு வழிகாட்ட அரசு நடத்தும் 'கல்லூரிக் கனவு' நிகழ்ச்சியோடு சேர்த்தே செய்யலாம். பெற்றோரையும் கட்டாயம் உட்கார வைக்க வேண்டும், ஏனென்றால் லிஸ்ட் போடுவது பெரும்பாலும் அவர்கள்தான்.

எங்கள் ஊர்ப் பள்ளி கேட்டால், கடையில் இருக்கும் நாலு கம்ப்யூட்டரையும் அந்த ஒரு நாளுக்கு நான் தருகிறேன்.

பிரவுசிங் சென்டர் நடத்துபவர்,
பென்னாகரம், தருமபுரி மாவட்டம்.