சித்திரை 20-க்கு முன்னம்

அன்புள்ள மகளுக்கு,

போன கிழமை எடுத்தபோது "எல்லாம் சுகம் அம்மா" என்று இரண்டு நிமிடத்தில் வைத்துவிட்டாய். பங்குனி பிறந்தால் கல்லுண்டாய்ச் சேற்றில் என்ன பறவை நிற்கிறது என்று கேட்பாய். இம்முறை கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் எழுதுகிறேன்.

மாரித் தண்ணீர் வற்றிக்கொண்டு வருகிறது. வற்ற வற்ற இரை ஒடுங்கும். இரை ஒடுங்கின இடத்தில் பறவையும் ஒடுங்கும். இதுதான் பார்க்கிற நேரம். இன்னும் வற்றினால் சேறு உப்புப் பொருக்காகிவிடும், சொண்டு இறங்காது. மாரிக்கு இங்கே வந்து சேறு மேய்கிற வளைமூக்கு உள்ளான்கள் இப்போது பாதி சாம்பல், பாதி செங்கல் நிறம். சித்திரை முதற் கிழமையில் நல்ல சிவப்பாகிவிடும். அதன் பிறகு சைபீரியாவின் வடகரைக்குப் பயணம். ஆகவே வருவதென்றால் சித்திரை 20-க்கு முன்னம் வா. சோளகக் காற்றுத் தொடங்கினபின் வந்து பயனில்லை.

சாம்பலாகவே நிற்கிறதுகளைக் கண்டால் வருத்தம் என்று நினைக்காதே. போன வருடம் பொரித்த குஞ்சுகளில் அநேகம் முதல் வருடம் திரும்பிப் போவதில்லை, வெயில் காலம் முழுக்க இங்கேயே நிற்கும். தாய் தகப்பன் வடக்கிலிருந்து முன்னுக்கே வெளிக்கிட்டுவிடும். குஞ்சுகள் பிந்தித்தான் வெளிக்கிடும், அந்தத் தூரம் முழுக்கத் தாய் தகப்பன் இல்லாமல் வரும். நீயும் 19 வயதில் தனியத்தான் போனாய். அதில் எனக்குப் பெருமை. இரண்டு நிமிடத்தில் போனை வைப்பதில் இல்லை.

வந்தால் வெள்ளென 6 மணிக்கு வெளிக்கிட வேண்டும். கல்லுண்டாய் வீதியில் காலமை வெயில் முதுகுப் பக்கம் விழும், கடல் முன்னுக்கு. பொழுது ஏறினால் கானல் ஆடும். அப்போது தொலைநோக்கியை 60 மடங்குக்குத் திருப்பாதே, கானலும் சேர்ந்து பெருக்கும். 20, 25 போதும். 8×42 இருகண்ணாடி ஒன்று கொண்டு வா, இங்கே இருக்கிறதில் பூஞ்சணம். நேரே நடந்து கிட்டப் போகாதே. சரிவாகப் போ, நின்று நின்று போ. மேய்கிறதை விட்டுத் தலை தூக்கினால் அதற்கு மேல் ஓரடியும் வைக்காதே. ஒரு உள்ளான் 60 கிராம் வரும். பயணத்துக்குக் கொழுப்பு வைக்கிற நாட்களில் அதை ஒரு தரம் கிளப்பினால் தின்றதில் ஒரு பங்கு அந்தப் பறப்பிலேயே கரைந்துவிடும்.

எண்ணும்போது முதலில் பத்தை ஒவ்வொன்றாய் எண்ணு, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் வை, அதைக் கூட்டத்தின் மேல் அடுக்கிக்கொண்டு போ. மூன்று தரம் எண்ணு. கொசு உள்ளான்கள் பெரியதுகளின் காலடியில் நிற்கும், தவறிப்போகும். சேற்றுக்குப் பழைய சப்பாத்து இரண்டு சோடி எடுத்து வா. அவர் வராவிட்டால் ஒரு சோடி காணும். அவரைப் பற்றி நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சித்திரை 20-க்கு முன்னம் என்றால் ரிக்கற்றை இப்போதே போட வேண்டும்.

நீ சின்னனில் பறவைகளைப் பற்றி எழுதின பச்சைக் கொப்பியை நேற்று எடுத்துப் பார்த்தேன். பொன்னாலைப் பாலத்தடியில் நின்ற ஒன்றை நீ "சின்னப் பச்சைக்காலி" என்று எழுதியிருந்தாய். நான் சிவப்புப் பேனையால் வெட்டி "பச்சைக்காலி" என்று திருத்தினேன். கீழே உன் படமும் இருக்கிறது: ஊசி மாதிரி நேர்ச் சொண்டு, சிவப்புக் கால் பவளக்காலியிலும் மெலிந்த உடல், பறக்கும்போது வாலைத் தாண்டி நீளும் கால். பச்சைக்காலி என்றால் சொண்டு தடித்து மேல்நோக்கிச் சற்று வளைந்திருக்கும், பவளக்காலியைவிடப் பெரிதாயும் நிற்கும், "தியூ தியூ தியூ" என்று மூன்று தரம் கத்தும். நீ பக்கத்தில் "ஒரு தரம்தான் கத்தினது" என்றும் எழுதியிருக்கிறாய். உனக்குப் பத்து வயது. நீ கண்டதுதான் சரி. அடுத்த வருடமே எனக்கு விளங்கிவிட்டது. வகுப்பில் பிள்ளைகளுக்குச் சரியாய்ச் சொல்லிக் கொடுத்தேன், உனக்கு மட்டும் சொல்லவில்லை. அதன் பிறகு நீ அந்தக் கொப்பியில் ஒன்றும் எழுதவில்லை என்பதை நேற்றுத்தான் கண்டேன். பிழை என்னுடையது, பிள்ளை. நீ சொன்னால் இனி வெட்டமாட்டேன், எதைச் சொன்னாலும்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் நேரம் எத்தனை மணிக்கு எடுக்கலாம் என்று எழுது. அவர் வேலைக்குப் போயிருக்கிற நேரமானாலும் சரி.

அம்மா