தலைவாசலில் சேவை நாய்ப் பயிற்சி மையம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ராணுவத்தில் 22 ஆண்டுகள் பணியாற்றி ஹவில்தாராக ஓய்வு பெற்ற என் பெரியப்பா மகன், ஏற்காட்டை அடுத்த நாகலூரில் எங்கள் பக்கத்து வீட்டில் குடியிருக்கிறார். நள்ளிரவுக்கு மேல் அவர் தூக்கத்தில் கத்தத் தொடங்கினால் எழுப்புவதற்கு யாரும் அருகில் போவதில்லை. ஒருமுறை எழுப்பப் போன அண்ணியின் கையை முறுக்கிவிட்டு, விழித்த பின் அதை நினைத்தே இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தார். இப்போது அந்த வேலையை வீட்டு நாய் பார்த்துக்கொள்கிறது. அது குரைப்பதில்லை. கட்டில் சட்டத்தில் முன்னங்கால்களை ஊன்றி, போர்வை நுனியைப் பல்லால் பிடித்து மெல்ல இழுக்கிறது. அவர் கண் விழித்து அதன் காதைத் தடவும்வரை விடுவதில்லை.

யாரும் சொல்லிக்கொடுக்காமல் ஒரு நாட்டு நாய் பழகிக்கொண்ட இந்தச் செயலைத்தான் வெளிநாடுகளில் முறையாகக் கற்பித்து, முன்னாள் படைவீரர்களுக்கு வழங்குகிறார்கள். முதல் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக 1916-இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் வழிகாட்டி நாய்ப் பள்ளி தொடங்கப்பட்டது. அமெரிக்காவில் 2021 ஆகஸ்டில் வந்த சட்டம், போரின் அதிர்ச்சியிலிருந்து மீளாத முன்னாள் வீரர்களே நாய்களைப் பயிற்றுவிக்கும் முன்னோட்டத் திட்டத்தை ஐந்து மருத்துவ மையங்களில் நடத்த வழி செய்தது. நமக்கோ, பயிற்சி பெற்ற நாய் என்றால் காவல் துறையின் மோப்ப நாய் மட்டுமே நினைவுக்கு வருகிறது. கீழே விழுந்த ஊன்றுகோலை எடுத்துத் தருவது, மின்விளக்குப் பொத்தானை மூக்கால் அழுத்துவது, கூட்டத்தில் எசமானரின் முதுகுப் பக்கம் நின்று மற்றவர்கள் நெருக்காமல் பார்த்துக்கொள்வது எல்லாம் சேவை நாயின் வேலைகள். பார்வையற்றவரை அழைத்துச் செல்லும் நாய்க்கு இன்னொரு பாடமும் உண்டு: "போ" என்று அவர் சொன்னாலும், எதிரே வண்டி வந்தால் கீழ்ப்படியாமல் நிற்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் முப்பது ஆண்டு கீழ்ப்படிதலையே போதித்த எனக்கு இது வியப்பாகவே இருக்கிறது.

இத்தகைய பயிற்சிக்குச் சேலம் மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் எளிதில் கிடைக்காது. தலைவாசலில் 2021-இல் திறக்கப்பட்ட கால்நடை ஆராய்ச்சி வளாகத்தில் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. இடத்துக்கோ மருத்துவருக்கோ அங்கே பஞ்சமில்லை. பயிற்றுநர்களை எங்கே தேடுவது என்று கேட்கலாம். ராணுவ நாய்கள் மீரட்டில் உள்ள கால்நடைப் படைப்பிரிவு மையத்தில் பழக்கப்படுத்தப்படுகின்றன. அந்தப் பிரிவில் நாய் கையாண்டு ஓய்வு பெற்றவர்களை முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அழைத்துப் பணியமர்த்தினால், அவர்களுக்கும் அது மறுவேலைவாய்ப்பாகும். ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் நம் பெருமை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் காவலுக்கும் வேட்டைக்கும் வளர்க்கப்பட்ட இனங்கள் அந்நியர் நடுவே அமைதியாகப் படுத்திருக்கும் வேலைக்கு எளிதில் ஒத்துவராது. லாப்ரடார்தான் முதல் தொகுதிக்கு ஏற்றது, கோடையில் சேலத்துத் தார்ச்சாலை அதன் பாதத்தைச் சுடும் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

பயிற்சியைவிடப் பெரிய சிக்கல் அனுமதி. மாதந்தோறும் சேலத்துக்கு மருத்துவரைப் பார்க்கப் போகும் என் அண்ணனுக்கு, நெரிசலான பேருந்தில் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடப்பது பெரும்பாடு. ஒருநாள் துணைக்கு நாயையும் அழைத்துக்கொண்டு போனார். "நாயெல்லாம் ஏத்த முடியாதுங்க சார், இறங்கிக்குங்க" என்றார் நடத்துநர். அன்று மருத்துவரைப் பார்க்காமலே வீடு திரும்பினார். நடத்துநர் மீது எனக்குக் குறையில்லை. அந்த நாய் யாரையும் கடிக்காது என்பதற்கு எங்களிடம் என்ன சான்று இருந்தது? பயிற்சி மையம் தரும் சான்றிதழும், நாயின் முதுகில் கட்டும் அடையாளப் பட்டையும், அவற்றைக் கண்டால் பேருந்திலும் மருத்துவமனையிலும் அலுவலகத்திலும் தடுக்கக் கூடாது என்ற அரசாணையும் ஒன்றாக வந்தாக வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, நியாயமான ஏற்பாடுகளைச் செய்து தருவதை அரசின் கடமையாக்கியிருக்கிறது. அதன் அடிப்படையிலேயே இப்படி ஓர் ஆணையைப் பிறப்பிக்கலாம் என்பது என் எண்ணம்.

தெருநாய்கள் சூழ்ந்துகொண்டால் சேவை நாய் என்ன செய்யும் என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான், அதற்கு என்னிடம் முழுமையான விடை இல்லை. தெருநாய் மட்டுமல்ல, சேலத்தின் ஐந்து ரோடு பகுதியில் நடைபாதையையே தேட வேண்டியிருக்கிறது. எனவே தொடக்கத்தில் வீட்டிலும் பேருந்திலும் மருத்துவமனையிலும் துணை தேவைப்படுகிறவர்களுக்கு மட்டும், பத்து நாய்களோடு தொடங்கினால் போதும்.

பயிற்சிக்கு அனுப்பும் முன் குட்டிகளை ஓராண்டுக்கு மேல் குடும்பங்களில் விட்டு, மனிதரோடும் சந்தடியோடும் பழக்குவது வழக்கம். அந்தப் பொறுப்பை ஏற்கச் சேலத்திலும் ஏற்காட்டிலும் வீடுகள் கிடைக்குமா என்று கால்நடைப் பராமரிப்புத் துறை ஓர் அறிவிப்பு வெளியிட்டுப் பார்க்கலாம். எங்கள் வீட்டில் பின்கட்டு காலியாக இருக்கிறது. ஒரு குட்டியை வளர்த்துத் தர நானும் என் மனைவியும் தயார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்,
நாகலூர், ஏற்காடு.