ரத்த வகையை வைத்துச் சந்தேகப்படலாமா?

ஆசிரியருக்கு,

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருபத்தைந்து வருஷம் வேலை பார்த்தவன் நான். பள்ளி அடையாள அட்டைக்காக எடுத்த ரிசல்ட்டை நீட்டி, "எனக்கும் ஏ, அவளுக்கும் ஏ. பிள்ளைக்கு எப்படிங்க ஓ?" என்று ஒருவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். தாராளமாக வரும். ஏ வகைக்காரர்களிடம் ஓ மரபணு வெளியே தெரியாமல் இருக்கலாம். இரண்டு பக்கமிருந்தும் அது வந்து சேர்ந்தால் பிள்ளை ஓ. பெற்றோர் இருவரும் பாசிட்டிவ், பிள்ளை நெகட்டிவ் என்பதும் இதே கணக்குதான்.

ஏபி தகப்பனிடம் சாதாரணமாக ஓ மரபணு இருக்காது; அவருக்கு ஓ பிள்ளை என்றால் சரி, யோசிக்கலாம். அங்கேயும் அவசரம் கூடாது. 1952இல் மும்பை மருத்துவர்கள் வெளியிட்ட 'பம்பாய் வகை' என்ற அபூர்வ ரத்த வகை சாதாரணச் சோதனையில் ஓ மாதிரியே காட்டும். சிவப்பணுக்களின் மேல் எச் ஆன்டிஜென் என்ற பொருள் இருக்கிறதா என்று பார்த்தால்தான் பிடிபடும்; நிஜ ஓவில் அது இருக்கும், பம்பாய் வகையில் இருக்காது. (குழாயில் லேபிள் மாறிப்போவதும் உண்டு, அது எங்கள் பக்கத்துத் தப்பு.) 'இவர் தகப்பன் இல்லை' என்று ரத்த வகை சில சமயம் சொல்லும், 'இவர்தான்' என்று சொல்லவே சொல்லாது. அதற்கு டிஎன்ஏ சோதனை வேண்டும்.

அவருக்குத் தாளில் கட்டம் போட்டுக் காட்டினேன். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "நான் கேட்டதை வீட்டுல சொல்லிராதீங்க" என்றார்.

- ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன், கும்பகோணம்