புள்ளிச் சட்டையை மலையேறிகளிடம் திருப்பிக் கொடுங்கள்: டூர் டி பிரான்ஸ் அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். ஜூலை மாதப் பிற்பகல்களில் உங்கள் மிதிவண்டிப் பந்தயத்தின் மலைக் கட்டங்களை, அதாவது மலைப் பாதையில் நடக்கும் ஒருநாள் பகுதிகளை, தவறாமல் பார்த்துவரும் ரசிகன் என்ற முறையில், மலையேற்றத்தில் அதிக மதிப்பெண் பெறும் வீரருக்கு நீங்கள் அணிவிக்கும் சிவப்புப் புள்ளிச் சட்டைக்கான மதிப்பெண் முறையைத் திருத்தக் கோரி இம்மடலை எழுதுகிறேன்.

1910-இல் பந்தயத்துக்காகப் பிரனீஸ் மலைப் பாதையைப் பார்த்துவரச் சென்ற அல்போன்ஸ் ஸ்டைனெஸ், தூர்மலே கணவாயின் பனியில் சிக்கி உயிர் தப்பிய பிறகும், பாதை மிக நன்றாக இருக்கிறது என்றே தந்தி அடித்தார். பந்தய வரலாற்றில் இவ்வளவு பயன் தந்த பொய் வேறில்லை. அவ்வாண்டு ஜூலை 21 அன்று, லூஷோனிலிருந்து பயோன் வரையிலான 326 கிலோமீட்டர் கட்டத்தில் பெயரசூர்த், ஆஸ்பன், தூர்மலே, ஓபிஸ்க் ஆகிய கணவாய்களை வீரர்கள் ஒரே நாளில் கடந்தனர். ஓபிஸ்க்கில் அமைப்பாளர்களைக் கொலைகாரர்கள் என்று ஏசிய ஒக்தாவ் லபீஸ்தான் அந்தக் கட்டத்தையும், முடிவில் பந்தயத்தையும் வென்றார்.

அந்நாளில் மலை என்பது கடந்து போக வேண்டிய ஒன்று. முடிவுக்கோடு மலைக்கு அப்பால் இருந்தது. ஏற்றத்தில் ஈட்டிய நேரத்தை இறக்கத்தில் பறிகொடுக்கும் வீரனுக்கும் ஒரு பெருமை இருக்கட்டும் என்பதுபோல கணவாய் உச்சிகளை முந்தித் தொடுவோருக்கு மதிப்பெண் தரும் மலையேற்றப் பட்டியல் 1933-இல் வந்தது. அதில் முதலிடம் பெற்ற விசென்டே ட்ருயேபா கணவாய்களின் உச்சியை முந்தித் தொட்டும் ஒரு கட்டத்தைக்கூட வென்றதில்லை. 1954-இல் உச்சியை முதலில் அடைந்த பாஹமோன்டெஸ், மற்றவர்கள் வந்து சேரும் வரை ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு நின்றதை இன்றும் ரசிகர்கள் சிரித்தபடி சொல்கிறார்கள். இப்பட்டியலை அவர் ஆறு முறை வென்றார்.

1952-இல் ஆல்ப் துவேஸ், செஸ்ட்ரியெரே, புய் தெ தோம் ஆகிய இடங்களில் முடிவுக்கோடு மலையுச்சிக்கே ஏறியது. மூன்றிலும் வென்றவர் ஃபாஸ்டோ கோப்பி. ஆல்ப் துவேஸின் 21 வளைவுகளைப் பார்த்தவர் எவரும் அந்த முடிவைக் குறை சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. ஆனால் உச்சியில் முடியும் கட்டங்களுக்குச் சில ஆண்டுகளில் நீங்கள் மதிப்பெண்ணை இரட்டிப்பாக்கியதால், பந்தயத்தின் ஒட்டுமொத்த வெற்றியாளருக்குரிய மஞ்சள் சட்டைக்காகக் கடைசி ஏற்றத்தில் மோதுவோருக்குப் புள்ளிச் சட்டை கேளாமலே கிடைத்தது. 2015-இல் ஃப்ரூம், 2020, 2021, 2025 ஆகிய ஆண்டுகளில் போகச்சார், 2022-இல் விங்கெகோர் என ஐந்து முறை இரு சட்டைகளும் ஒருவருக்கே போயின. அவர்கள் தலைசிறந்த மலையேறிகள் என்பதில் ஐயமில்லை. எனினும் காலையிலேயே முன்னேறி, நான்கு கணவாய்களைத் தனியே கடந்து, கடைசி ஏற்றத்தில் பிடிபடும் வீரனுக்கு அந்தச் சட்டையைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

ஆகவே, உச்சி முடிவுகளுக்கு இரட்டிப்பு மதிப்பெண் இனி கிடையாது என்று விதியில் எழுதுங்கள். கட்டத்தின் நடுவே வரும் பெரிய கணவாய்களுக்கு, இறுதி ஏற்றத்தைவிட ஒரு மதிப்பெண்ணாவது கூட்டிக் கொடுங்கள். 1910-இன் அந்த நான்கு கணவாய்களையும் அதே வரிசையில் கடந்து அடிவாரத்தில் முடியும் ஒரு கட்டத்தை அவ்வப்போது சேர்த்தால் இன்னும் மகிழ்வேன்.

இப்படிக்கு,
மலைக் கட்டங்களின் நெடுநாள் ரசிகன்